மெல்லிய மணிக்கட்டுக்கு உயர்ந்த கடிகாரம்

“விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்று நம் பெரியோர் சொல்வார்கள். வருவாய்க்குத் தக்கபடி செலவு செய்ய வேண்டும் என்பதற்காகவே இப்பழமொழியை நாம் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். இன்று நாம் பேசவிருக்கும் பொருளுக்கோ இது சொல்லுக்குச் சொல் பொருந்தி வருகிறது. மெல்லிய மணிக்கட்டு உடையவர்கள் விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்க விரும்பினால், அது கைக்கு அடக்கமாகவும் சுகமாகவும் அமைய எவற்றைக் கவனிக்க வேண்டும்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

“நேரம் பார்க்கத்தான் கைத்தொலைபேசி இருக்கிறதே, கடிகாரம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நேரம் பார்ப்பது ஒன்றே நோக்கமானால் அக்கேள்வி நியாயமானதுதான். ஆயினும், நல்ல கடிகாரம் என்பது நம் மக்களிடையே ஒரு நாளின் அடையாளமாகவே இருந்து வருகிறது. மகன் பட்டம் பெற்ற நாள், மகளின் திருமண நாள், முப்பது ஆண்டு உழைத்தவர் ஓய்வு பெறும் நாள் என்று அது ஏதேனும் ஒரு நாளை நினைவூட்டிக்கொண்டு கையில் இருக்கிறது. ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தபின், “பிள்ளைகளுக்கெல்லாம் செய்தாயிற்று, எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்கிறேன்” என்று கடைக்குச் செல்பவர்களும் உண்டு. அவர்கள் கொடுப்பது பல மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகை. அப்படி வாங்கியது கையில் பொருந்தாமல் போனால் என்ன செய்வது? சட்டை தொளதொளவென்றிருந்தால் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தின் கூட்டைப் பிடித்துத் தைக்க எந்தக் கைவினைஞராலும் ஆகாது. ஆகவேதான் வாங்குவதற்கு முன்பே அளவறிவது இன்றியமையாததாகிறது.

பொருந்தாத கடிகாரம் தரும் தொல்லைகளை முதலில் பார்ப்போம். அது கையின் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். நேரம் பார்க்க வேண்டுமானால் மறு கையால் அதைத் திருப்பி வைக்க வேண்டும். சரியாமல் இருக்கட்டும் என்று வாரை இறுக்கினால் தோலில் தடம் பதியும். வியர்வை தங்கி அரிப்பு எடுக்கும். கையை மேல்நோக்கி மடக்கும்போது, சாவி கொடுக்கும் திருகு புறங்கையில் குத்தும். கூட்டின் விளிம்புகள் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கதவிலும் மேசையிலும் இடித்துக்கொள்ளும். முதல் வாரம் பெருமையால் இவற்றைப் பொறுத்துக்கொள்வோம். ஒரு மாதம் சென்றபின் கடிகாரம் அலமாரிக்குள் போய்விடும். தீபாவளிக்கும் திருமணத்துக்கும் மட்டுமே வெளியே வரும்.

இதற்குக் கை மெலிந்திருப்பதுதான் காரணம் என்று சிலர் நொந்துகொள்கின்றனர். அது தவறான எண்ணம். குறை கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளக் கைக்கடிகாரத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்கள் சட்டைப்பையில்தான் கடிகாரம் வைத்திருந்தனர். கையில் கட்டும் கடிகாரம் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. 1904ஆம் ஆண்டில், பாரிசு நகரில் வாழ்ந்த பிரேசில் நாட்டு விமானியான சாந்தோஸ் துமோனுக்காக, கார்ட்டியே நிறுவனம் கையில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தது. விமானத்தைச் செலுத்திக்கொண்டே பைக்குள் கைவிட்டு நேரம் பார்க்க இயலாதல்லவா? பின்னர் முதல் உலகப் போரில் படைவீரர்கள் கைக்கடிகாரம் கட்டிப் போர் புரிந்தனர். அதன் பிறகு அது ஆண்களுக்கும் உரிய பொருளாயிற்று.

அக்காலத்து ஆண்களின் கடிகாரங்கள் எவ்வளவு பெரியவை என்று நினைக்கிறீர்கள்? 1932இல் பட்டேக் பிலிப் நிறுவனம் வெளியிட்ட ‘கலத்ராவா’ என்னும் புகழ்பெற்ற கடிகாரத்தின் விட்டம் சுமார் 31 மில்லிமீட்டர்தான். 1945இல் ரோலெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ‘டேட்ஜஸ்ட்’ 36 மில்லிமீட்டர். இவை ஆண்களுக்கென்றே செய்யப்பட்டவை. 1972இல் ஓடெமார் பிகே நிறுவனம் ‘ராயல் ஓக்’ என்னும் கடிகாரத்தை 39 மில்லிமீட்டர் அளவில் வெளியிட்டபோது, அதற்கு ‘ஜம்போ’ என்றே பட்டப்பெயர் சூட்டினார்கள். அதே நிறுவனம் 1993இல் 42 மில்லிமீட்டர் அளவில் ‘ஆஃப்ஷோர்’ என்ற வகையை வெளியிட்டது. அதையடுத்து வந்த இருபது ஆண்டுகளில் 44, 45 மில்லிமீட்டர் என்று கடிகாரங்கள் வீங்கிக்கொண்டே போயின. அவ்வீக்கம் ஒரு நாகரிகத்தின் போக்கே தவிர, மனிதனின் மணிக்கட்டு அதற்கேற்ப வளர்ந்துவிடவில்லை.

இப்போது அப்போக்கு மாறி வருகிறது. ரோலெக்ஸ் நிறுவனத்தின் ‘எக்ஸ்புளோரர்’ கடிகாரம் 36 மில்லிமீட்டராக இருந்து, 2010இல் 39 ஆக வளர்ந்து, 2021இல் மீண்டும் 36க்குத் திரும்பியது. டியூடர் நிறுவனம் 2018இல் 39 மில்லிமீட்டரிலும், 2023இல் 37 மில்லிமீட்டரிலும் நீர்மூழ்கிக் கடிகாரங்களை வெளியிட்டிருக்கிறது. ஆகவே, 34 அல்லது 36 மில்லிமீட்டர் கடிகாரத்தை விரும்பும் ஆடவரிடம் விற்பனையாளர், “இது பெண்கள் கட்டுவது” என்று சொன்னால் வெட்கப்பட்டுத் திரும்ப வேண்டியதில்லை. இது நம் பாட்டனார் காலத்து ஆண்களின் அளவு என்று அமைதியாகச் சொல்லலாம். அதேபோல, மெல்லிய கையுடைய பெண்கள் கல் பதித்த மிகச் சிறிய கடிகாரத்தைத்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கைக்குப் பொருந்துவது எதுவோ அதுவே அவரவருக்குரிய கடிகாரம்.

இனி அளவெடுக்கும் முறைக்கு வருவோம். இதற்குத் தேவையானவை ஒரு நூலும் ஓர் அடிக்கோலும் மட்டுமே. நாம் கடிகாரம் கட்டும் இடத்தில், அதாவது மணிக்கட்டின் ஓரத்தில் புடைத்திருக்கும் எலும்பை அடுத்து முழங்கைப் பக்கமாக, நூலைச் சுற்றி அளந்தால் சுற்றளவு கிடைத்துவிடும். 15, 16 சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோ இருந்தால் நம்முடையது மெல்லிய மணிக்கட்டு என்று கொள்ளலாம்.

சுற்றளவோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது போதாது. மணிக்கட்டு எல்லாருக்கும் ஒரே வடிவில் அமைவதில்லை. சிலருக்கு உருண்டையாக இருக்கும். சிலருக்குத் தட்டையாக இருக்கும். பள்ளிக் கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் சுற்றளவு 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் மணிக்கட்டு முழு உருண்டையானால், 150ஐ 3.14ஆல் வகுக்க, அகலம் சுமார் 48 மில்லிமீட்டர். இரண்டாமவரின் மணிக்கட்டு தட்டையாக, கனத்தைப்போல் 1.4 மடங்கு அகலம் உடையதானால், அதன் அகலம் ஏறத்தாழ 55 மில்லிமீட்டர். நூல் காட்டும் அளவு இருவருக்கும் ஒன்றுதான். கடிகாரம் அமர்வதற்குக் கிடைக்கும் இடத்திலோ 7 மில்லிமீட்டர் வேறுபாடு! அன்றியும், உருண்டைக் கை இரு பக்கமும் உடனே சரிந்து இறங்குவதால், தட்டையான பரப்பு இன்னும் குறைவு. அண்ணனுக்கு அழகாக அமைந்த கடிகாரம் தம்பிக்கு அமையாமல் போவதன் காரணம் இதுதான்.

அகலத்தை எப்படி அளப்பது? கையை மேசைமீது உள்ளங்கை கீழாக வையுங்கள். மணிக்கட்டின் இரு பக்கமும் தொடும்படி இரண்டு தடித்த புத்தகங்களை நிறுத்துங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, புத்தகங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அடிக்கோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத்தான் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

அடுத்தது, கடிகாரத்தில் எந்த அளவைப் பார்ப்பது என்பது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவது விட்டத்தை. ஆனால், மெல்லிய கைக்கு அதைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. கடிகாரக் கூட்டின் மேலும் கீழும், வாரைப் பிடித்துக்கொள்வதற்காக நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் இவற்றை ‘லக்’ என்பார்கள். மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனி வரை உள்ள நீளமே நாம் கேட்டறிய வேண்டிய அளவு. நம் மணிக்கட்டின் அகலத்துக்குக் குறுக்கே கிடப்பது இந்த நீளம்தான். இது அகலத்தைவிடக் குறைந்தது 5 மில்லிமீட்டராவது குறைவாக இருப்பது நலம் என்பது நாம் கையாளும் எளிய கணக்கு. கொம்புகளின் நுனி கையின் எல்லையைத் தாண்டினால், கீழே வாருக்கும் தோலுக்கும் இடையில் வெற்றிடம் விழும். பார்ப்பதற்குக் கையின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும்.

விட்டம் நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் செய்யப்படும் நோமோஸ் ‘டாங்கென்டே’ கடிகாரத்தின் விட்டம் 35 மில்லிமீட்டர். ரோலெக்ஸ் ‘எக்ஸ்புளோரர்’ 36 மில்லிமீட்டர். எண்ணைப் பார்த்தால் முன்னது சிறியது. ஆனால், நோமோஸின் கொம்புகள் நீளமானவை. ஆதலால் நுனிக்கு நுனி சுமார் 45 மில்லிமீட்டர் வருகிறது. ரோலெக்ஸுக்கோ சுமார் 43தான். கையில் நீளமாகக் கிடப்பது 35 மில்லிமீட்டர் கடிகாரமே! மேலும் நோமோஸின் முகப்பைச் சுற்றிய வளையம் மெல்லியது. முகப்பு பரந்து தெரிவதால் கண்ணுக்கும் அது பெரியதாகவே தோன்றும். இது அக்கடிகாரத்தின் குறை அன்று. அகலமான தட்டை மணிக்கட்டுக்கு அது மிக அழகாக அமையும். உருண்டையான சிறு கைக்குத்தான் யோசிக்க வேண்டும்.

சதுர, நீள்சதுர வடிவக் கடிகாரங்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். கார்ட்டியே நிறுவனம் 1917இல் வடிவமைத்த ‘டேங்க்’ என்னும் கடிகாரத்தில் கொம்புகள் தனியே இல்லை. பக்கச் சட்டங்களே வாரைப் பிடித்துக்கொள்கின்றன. இன்றைய ‘டேங்க் மஸ்ட்’ வகையில் பெரிய அளவு என்று விற்கப்படுவதே மொத்தம் 33.7 மில்லிமீட்டர் நீளமும் 25.5 மில்லிமீட்டர் அகலமும் உடையது, கனம் 6.6 மில்லிமீட்டர். நாம் கணக்கிட்ட 48 மில்லிமீட்டர் கையிலும் இது தாராளமாக அமரும். 1931இல் பிறந்த ஜேகர் லெகூல்த்ர் நிறுவனத்தின் ‘ரிவெர்சோ’வும் இவ்வினத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் குதிரைமேல் அமர்ந்து போலோ விளையாடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி உடைந்து போவதைத் தடுக்க, முகப்பைத் திருப்பி மறைத்துக்கொள்ளும்படி அதைச் செய்தார்கள் என்பது வரலாறு. இவ்வகைக் கடிகாரங்கள் பெரும்பாலும் மெல்லியவை. கையோடு ஒட்டிக் கிடப்பவை.

நீளத்துக்கு அடுத்துக் கவனிக்க வேண்டியவை கனமும் எடையும். தடித்த கடிகாரம் மெல்லிய கையில் உச்சி கனத்து ஆடும். பொதுவாக 10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கனம் சுகமாக இருக்கும். 13க்கு மேற்பட்டால் சட்டைக் கைப்பட்டிக்குள் நுழைய அடம்பிடிக்கும். தானாகச் சாவி ஏறும் கடிகாரத்துக்குள் ஒரு சுழலும் தகடு இருப்பதால், அது கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்தைவிடப் பெரும்பாலும் தடித்திருக்கும். பேட்டரியால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை மிக மெல்லியதாகச் செய்ய முடியும். தமிழகத்து ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டைட்டன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ‘எட்ஜ்’ கடிகாரத்தின் மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர்தான். விலையில் அது நாம் பேசும் வகையைச் சேர்ந்தது அன்று. ஆனால், மெல்லிய கடிகாரம் எவ்வளவு சுகம் தரும் என்பதை அறிய அதை ஒருமுறை கட்டிப் பார்க்கலாம்.

எடையைப் பொறுத்தவரையில் உலோகத்தின் தன்மை தெரிந்திருக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 8 கிராம் எடை. டைட்டானியம் சுமார் 4.5 கிராம், 18 காரட் தங்கமோ ஏறத்தாழ 15 கிராம். ஒரே அளவுள்ள கடிகாரம் டைட்டானியத்தில் எஃகினும் பெரிதும் இலேசாக இருப்பதும், தங்கத்தில் கையை இழுப்பதும் இதனால்தான். மெலிந்த கையில் சதைப்பற்று குறைவு. பாரம் நேரே எலும்பின்மேல் இறங்கும். தங்கக் கடிகாரமே வேண்டும் என்பவர்கள் உலோகச் சங்கிலியை விட்டுத் தோல்வார் உள்ளதை எடுத்தால் பாரம் வெகுவாகக் குறையும்.

இப்போது வாருக்கும் சங்கிலிக்கும் வருவோம். கூடு பொருந்தினாலும் வார் பொருந்தாவிட்டால் பயனில்லை. தோல்வாரில் இரண்டு துண்டுகள் உண்டு. பக்கிள் உள்ளது குட்டையானது. துளைகள் உள்ளது நீளமானது. பொதுவாக விற்கப்படும் வார்களில் இவை சுமார் 75, 115 மில்லிமீட்டர் இருக்கும். மெல்லிய கைக்கு இது நீளம். கடைசித் துளையில் மாட்டினாலும் தொளதொளக்கும். பக்கிள் கையின் அடிப்புறத்தில் நடுவே நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதனால் கடிகாரமும் சரியும். தோட்டங்களில் நம்மவர்கள் ஆணியைக் காய்ச்சித் துளை போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அது வாரை இறுக்குமே தவிர, பக்கிளை நடுவுக்குக் கொண்டுவராது. குட்டை வார் வேண்டும் என்று கேட்டு வாங்குவதே முறை. பல நிறுவனங்கள் அதைத் தனியே வைத்திருக்கின்றன.

வாரில் மடித்துப் பூட்டும் உலோகப் பூட்டு இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் தகடு நீளமாகவும் வளைவின்றியும் இருந்தால் சிறிய கையின் அடிப்புறத்தில் குத்தும். அப்படியானால் சாதாரணப் பக்கிளே மேல்.

உலோகச் சங்கிலியில் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, போதிய கண்ணிகளைக் கழற்ற முடியுமா என்பது. சிலவற்றில் பூட்டை ஒட்டிய கண்ணிகள் கழலாதவை. எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் பெரிதாக இருந்தால் வழியே இல்லை. இரண்டாவது, கூட்டை ஒட்டிய முதற்கண்ணி நேரே கீழ்நோக்கி மடங்குகிறதா, அல்லது விறைத்து வெளியே நீட்டுகிறதா என்பது. நீட்டினால், அக்கண்ணியின் நீளத்தையும் கொம்பு நீளத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ராயல் ஓக் போன்று கூடும் சங்கிலியும் ஒன்றாக இணைந்த கடிகாரங்கள், சொல்லப்படும் அளவைவிடப் பெரியனவாகக் கையில் தெரிவது இதனால்தான். மூன்றாவது, பூட்டிலேயே சிறிது கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்பது.

இம்மூன்றாவது வசதி நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்கு மிகவும் வேண்டியது. வெப்பத்தில் தோலடி இரத்தக் குழாய்கள் விரிந்து கை சற்றே பருக்கும், குளிரில் சுருங்கும். குளிர்சாதனம் ஓடும் பேரங்காடியில் கச்சிதமாக இருந்த கடிகாரம், வெளியே நண்பகல் வெயிலில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கையை இறுக்குகிறதல்லவா? ரோலெக்ஸின் சில பூட்டுகளில் 5 மில்லிமீட்டர் நீட்டிக்கொள்ளும் சிறு கண்ணி உள்ளேயே மடங்கியிருக்கிறது. வேறு நிறுவனங்களும் இத்தகைய வசதிகளைச் செய்திருக்கின்றன. பருத்த கைக்கு ஒரு கண்ணி கூடினாலும் குறைந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய கைக்கு அரைக் கண்ணியும் பெரிய வேறுபாடு. ஆகவே இவ்வசதியை அவசியம் கேட்டுப் பாருங்கள்.

தோல்வார் வியர்வையில் விரைவில் கெட்டுப்போகும் என்பதையும் மறக்கலாகாது. வெயிலில் நடமாடுபவர்களுக்கு ரப்பர் வார் ஏற்றது. 1980இல் ஹூப்லோ என்னும் சுவிட்சர்லாந்து நிறுவனம் தங்கக் கடிகாரத்துக்கு இயற்கை ரப்பரால் வார் போட்டு விற்றபோது உலகமே வியந்தது. பொன்னுக்குப் பக்கத்தில் பால்மரத்துப் பொருளா என்றார்கள்! விடியுமுன் எழுந்து மரம் சீவி வாழ்ந்த குடும்பங்களில் வந்த நமக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, பெருமைப்படுவதற்கு உண்டு. சில ரப்பர் வார்களைக் கையளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். வெட்டியதை ஒட்ட முடியாதாகையால், சிறிது சிறிதாக வெட்டிப் பார்ப்பது அறிவுடைமை.

கடைக்குச் செல்லுமுன் வீட்டில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. விரும்பும் கடிகாரத்தின் விட்டத்தையும் கொம்பு நீளத்தையும் கேட்டறிந்து, அவ்வளவில் ஓர் அட்டையை வெட்டி மணிக்கட்டின்மேல் வைத்துப் பாருங்கள். நுனிகள் அந்தரத்தில் நின்றால் அக்கடிகாரத்தை மறந்துவிடலாம். எத்தனையோ அலைச்சல் மிச்சமாகும்.

கடையில் அவசரம் கூடாது. பிற்பகலில், கை சற்றுப் பருத்திருக்கும் வேளையில் செல்லுங்கள். கட்டியவுடன் குனிந்து மிக அருகில் பார்க்காதீர்கள். கைத்தொலைபேசியில் நெருக்கமாகப் படம் எடுத்தும் முடிவு செய்யாதீர்கள். அருகிலிருந்து பார்த்தால் எந்தக் கடிகாரமும் உள்ளதைவிடப் பெரியதாகவே தோன்றும். நிலைக்கண்ணாடியின் முன் சில அடி தள்ளி நின்று, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிறர் நம்மைப் பார்ப்பது அப்படித்தான். பிறகு கையை மடக்குங்கள், எழுதிப் பாருங்கள், மேசைமீது ஊன்றுங்கள், கையை உதறுங்கள். பத்து நிமிடமாவது கட்டியபடியே இருங்கள். திருகு குத்துகிறதா, கூடு சரிகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். வாரை மாட்டியபின் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இடம் இருந்தால் போதும்.

பரிசாக வாங்குவோருக்கு ஒரு சொல். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு உடன் பணியாற்றியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, நல்ல நிறுவனத்தின் 42 மில்லிமீட்டர் கடிகாரம் ஒன்றை வாங்கி விழாவில் அணிவித்தார்கள். அம்மையாரின் கை கரும்பு போன்ற கை. மேடையிலேயே கடிகாரம் முழங்கை வரை ஓடியது. கண்ணிகளைக் கழற்றியபின் ஓடுவது நின்றது. ஆனால், கூடு கையைவிட்டு வெளியே நின்றது. யார் மனமும் நோகக்கூடாதே என்று அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாளும் கட்டவுமில்லை. அன்பில் குறை இல்லை, அளவில்தான் குறை. பெறுபவரையே கடைக்கு அழைத்துச் செல்வது நல்லது. அது இயலாவிட்டால், அவர் கட்டும் பழைய கடிகாரத்தின் அளவையாவது வீட்டாரிடம் கேட்டறிவது நல்லது. மாற்றிக் கொடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கழற்றிய கண்ணிகளைப் பெட்டியிலேயே பத்திரப்படுத்த வேண்டும். பிற்காலத்தில் விற்பதானாலும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதானாலும் அவை தேவைப்படும்.

உயர்ந்த கடிகாரம் என்றால் சுவிட்சர்லாந்து ஒன்றே என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் கிராண்ட் செய்கோவில் 37.3 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 44 மில்லிமீட்டர் கொம்பு நீளமும் கொண்ட, கையால் சாவி கொடுக்கும் கடிகாரம் உண்டு. நம் மலேசியாவிலேயே மிங் தேன் என்பவரும் அவர் நண்பர்களும் 2017இல் ‘மிங்’ என்ற கடிகார நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 38 மில்லிமீட்டர் கடிகாரம் ஒன்று 2019இல் ஜெனீவா நகரில் நடைபெறும் புகழ்பெற்ற கடிகாரப் பரிசுப் போட்டியில் விருது பெற்றது. எங்கே பிறந்தது என்பதைவிட, நம் கையில் எப்படி அமர்கிறது என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும்.

நேயர்களே, சொன்னவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். மணிக்கட்டின் சுற்றளவோடு அகலத்தையும் அளந்துகொள்ள வேண்டும். கடிகாரத்தின் விட்டத்தோடு கொம்பு நீளத்தையும் கேட்க வேண்டும். கனமும் எடையும் குறைந்ததை நாட வேண்டும். வாரும் பூட்டும் சிறிய கைக்கு ஏற்றவைதாமா என்று பார்க்க வேண்டும். கட்டிப் பார்த்து, பொறுமையாக முடிவு செய்ய வேண்டும். இவ்வைந்துக்கும் ஆகும் செலவு ஒரு முழ நூலும் அரை நாளும்தான். அவற்றைச் செலவிடத் தயங்கினால், பல ஆண்டுச் சேமிப்பு அலமாரியில் ஓடாமல் கிடக்க நேரிடும். நல்ல கடிகாரம் கையில் இருப்பதே தெரியக்கூடாது. நேரம் பார்க்கும்போது மட்டும் தெரிய வேண்டும். அத்தகைய கடிகாரம் மெல்லிய கைகளுக்கும் உண்டு. அளந்து பார்த்து வாங்குங்கள். நாள்தோறும் கட்டி மகிழுங்கள்.